பதினோராயிரம் வீட்டுப் பசி

2022 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு, ஆலஞ்சேரியில் குழாய் எரிவாயு இணைப்புள்ள பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் ஒரே சமயத்தில் வாழைக்காய் சீவினார்கள். காரணம், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த அஞ்சுகத்துக்கு பஜ்ஜி சாப்பிட வேண்டும்போல இருந்தது. வாழைக்காய் இல்லாத வீடுகளில் வெங்காயத்தை அரிந்தார்கள், வெங்காயமும் இல்லாத வீடுகளில் அப்பளத்தை மாவில் முக்கிப் போட்டார்கள். நாலு மணிக்குள் கடைத்தெருவில் கடலைமாவு தீர்ந்தது. தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்கள் வரிசையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் தாசில்தார் அவர்களுக்கு முன்னாலேயே போயிருந்தார்.

அஞ்சுகத்துக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. ஊரின் வாயுவைச் சமன் வைப்பது வேலை. சொல்வதற்குச் சுலபமான வேலைதான். கடலோரத்திலிருந்து வரும் பெரிய குழாய்க்காரர்களிடம், நாளைக்கு எங்கள் ஊர் இவ்வளவு எரிக்கும் என்று முதல்நாள் பகல் பன்னிரண்டுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை இருபத்து நாலாக வகுத்து, காலை ஆறு தொடங்கி மறுநாள் காலை ஆறு வரைக்கும், ஊர் விழித்தாலும் தூங்கினாலும் மணிக்கு இவ்வளவு என்று ஒரே சீராகத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஊர் ஒரே சீராக எரிக்காது. இட்லிக்கு ஒரு வேகம், குழம்புக்கு ஒரு வேகம், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் டீக்கு ஒரு வேகம். இடையில் உண்டாகும் மிச்சத்தையும் குறைவையும் ஊரைச் சுற்றிய பத்தொன்பது கிலோமீட்டர் இரும்புக் குழாய் தன் வயிற்றுக்குள் தாங்கிக்கொள்ளும். எரிக்காதபோது வாயு உள்ளே நெருங்கி அழுத்தம் ஏறும். எல்லோரும் சேர்ந்து எரித்தால் இறங்கும். கணினித் திரையில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. மேல்கோட்டைத் தாண்டினால் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு வாயு ஆகாயத்துக்குப் போகும். அந்த வால்வைப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பின்னால் வைத்த புண்ணியவான் யார் என்று கோப்புகளில் இல்லை. கீழ்க்கோட்டைத் தாண்டினால் அடுப்புகள் அணையும். அணைந்ததைத் திருகி மூட மறந்த வீட்டில், அழுத்தம் திரும்பி வரும்போது வாயு சத்தமில்லாமல் சமையலறையை நிரப்பும். இரண்டு சிவப்புக்கும் நடுவில், அழுத்தத்தைக் காட்டும் பச்சைக் கோட்டை ஓடவிடுவதற்குத்தான் அஞ்சுகத்துக்குச் சம்பளம்.

நாளைய அளவைக் கணிக்க டெல்லியிலிருந்து ஒரு மென்பொருள் வந்திருந்தது. அதற்கு வெயில் தெரியும், மழை தெரியும், அமாவாசை தெரியாது. அஞ்சுகம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய நகைக்கடை நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போடுவாள். ஏகாதசி என்றால் இவ்வளவு குறை, முகூர்த்த நாள் என்றால் பாதி ஊர் மண்டபத்தில் தின்னும், ஆடிப் பதினெட்டுக்கு நாலு வகைச் சோறு கிளறுவார்கள், புரட்டாசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி குக்கரில் எட்டு விசில் அதிகம். ஒன்பது வருஷத்தில் மூன்றே முறைதான் தப்பியிருந்தது.

அந்த ஜூன் செவ்வாயன்று தவறியது அவள் கணக்கு இல்லை. வீடுகளைத் தவிர ஊரில் வாயு வாங்கும் பெரிய ஆள் ஒரே ஆள், டைல்ஸ் தொழிற்சாலைச் சூளை. எல்லா வீடுகளும் சேர்ந்து எரிப்பதில் பாதியை அது ஒண்டியாக எரிக்கும். பகல் பன்னிரண்டே காலுக்கு அங்கே ஏதோ பெல்ட் அறுந்து சூளை நின்றுவிட்டது. வரவேண்டிய வாயு வந்துகொண்டே இருந்தது. குறைத்து அனுப்புங்கள் என்று பெரிய குழாய்க்காரர்களைக் கேட்டதற்கு, படிவம் அனுப்பினால் மூன்று மணி நேரத்தில் பரிசீலிப்போம் என்றார்கள். மூன்றரைக்குப் பச்சைக் கோடு மேல்சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. பள்ளிவிடும் நேரம்.

"அக்கா, சாப்டீங்களா?" என்றான் ரெஜினால்டு. அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் ஆபரேட்டர், முப்பது வயது, எதையும் இரண்டுதரம் எழுதி வைக்கிறவன்.

"இதப் பாத்துக்கிட்டு எப்படிப்பா சோறு எறங்கும்? சூடா நாலு பஜ்ஜி இருந்தா தேவலாம்."

சொல்லி முடிக்கவில்லை, பச்சைக் கோடு இறங்கத் தொடங்கியது. நாலரைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. ரெஜினால்டு கேன்டீனிலிருந்து பஜ்ஜி வாங்கி வந்தான். அவள் தின்று கை கழுவினாள். ஊர் அடுப்பை அணைத்தது.

அதுவரை அஞ்சுகத்தின் பசி யாருக்கும் பயன்பட்டதில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிற கலியமூர்த்தி சாப்பிட்ட பிறகு, பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு, பாத்திரத்தின் அடியில் என்ன இருக்கிறதோ அது அவளுக்கு. வேலை நாளென்றால் அதுவும் டப்பாவில் ஆறி, மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ. பசித்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. இப்போது கேட்காமலே பதினோராயிரம் வீடுகளுக்குத் தெரிந்துவிட்டது.

ரெஜினால்டு ஒரு நோட்டுப் போட்டான். புதன்கிழமை அவள் புட்டு நினைத்தாள், ஊர் புட்டு அவித்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவள் நினைத்தது மத்தி மீன் குழம்பு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அக்ரகாரத்துப் பக்கமிருந்து இரண்டு வீட்டார் மீன் மார்க்கெட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதாக நோட்டில் இருக்கிறது. ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் ஊர் முழுக்கக் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும், பிரியாணிக் கடைகள் வெறிச்சென்று கிடந்தன. கைக்குழந்தைகளுக்கும் போக்குவரத்து ஆய்வாளருக்கும் மட்டும் பழைய மாதிரி எந்நேரமும் பசித்தது. அவள் சாப்பிட்டு முடித்ததும் எல்லோர் பசியும் போய்விடும்; ஆனால் செய்து வைத்த பண்டத்தைத் தின்பதற்குப் பசியை எதிர்பார்க்கும் வழக்கம் ஆலஞ்சேரியில் இல்லாததால் ஒருவரும் இளைக்கவில்லை.

ஏன் இப்படி என்று முதல் வாரம் டீக்கடையில் பேசினார்கள். இரண்டாவது வாரம், நாளைக்கு என்ன என்று பேசினார்கள். காய்கறி மார்க்கெட் சங்கம் காலையில் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, "அக்காவுக்கு இன்னிக்கு வாய்க்கு என்ன தோணுதாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் லாரிக்குச் சொன்னது. ஓட்டல்கள் 'இன்று அக்கா என்ன சாப்பிடுகிறார்' என்று கரும்பலகை வைத்தன. என்ன சமைப்பது என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று பெண்கள் நிம்மதியடைந்தார்கள். கல்யாண வீட்டார் தாம்பூலத்தோடு வந்து, முகூர்த்தத்தன்று பந்திக்கு முன்னால் தயவுசெய்து எதுவும் சாப்பிட்டுவிட வேண்டாம், சொந்தக்காரர்கள் இலையில் மிச்சம் வைத்தால் மானம் போகும் என்றார்கள். ஒரே முகூர்த்தத்தில் பதினாலு பத்திரிகை வந்தபோது, யார் வீட்டுச் சாம்பாரை நினைப்பது என்று அஞ்சுகத்துக்குக் குழப்பமாக இருந்தது. ரமலானில் பள்ளிவாசல் நிர்வாகிகள் நேரில் வந்து கேட்டார்கள். அவள் முப்பது நாளும் விடியற்காலையில் எழுந்து சாப்பிட்டு, சாயங்காலம் வரை வயிறு நிறைந்த நினைவாகவே இருந்தாள். அவ்வளவு லேசான நோன்பு வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கூட்டத்தில் சிலர் வருத்தப்பட்டார்கள். ஒரு கட்சி வடிகால் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லிச் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தது. அன்று அவள் மைத்துனர் வீட்டு விருந்தில் இருந்தாள். உண்ணாவிரதிகள் ஏப்பம் விட்டதை எதிர்க்கட்சிக்காரர்கள் படமெடுத்து ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார்கள்.

வீட்டில் கலியமூர்த்தி பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவளைப் பார்த்து, "ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அஞ்சுகம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இல்ல, எனக்குப் பசிக்க மாட்டேங்குது, அதான் கேட்டேன்" என்றார் அவர். "ஆபீஸ்ல வடை தின்னியா? முன்னாடியே சொல்லிருந்தா நானும் இங்க ரெடியா இருந்திருப்பன்ல."

செய்தி தலைமை அலுவலகத்துக்குப் போகப் பதினோரு மாதம் ஆனது. மண்டல மேலாளர் வைத்தீஸ்வரன் சென்னையிலிருந்து வந்தார். ரெஜினால்டின் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஆச்சரியப்படவில்லை, கம்பெனியில் அதற்கென்று தனிப் படி கிடையாது.

"மேடம், வாயுவைச் சேமிச்சு வைக்க வெளிநாட்டுல பாறைக்கு அடியில குகை தோண்டறாங்க. நமக்கு நீங்க இருக்கீங்க."

"நான் என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வாயு மிச்சமானா பட்டினி இருங்க. கொறைஞ்சா சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

அப்படித்தான் அட்டவணை வந்தது. அழுத்தம் ஏறினால் அவள் பட்டினி. ஊருக்குப் பசிக்கும், அடுப்பு எரியும், அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் அவள் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். ஊருக்குப் பசி அடங்கும். அதன்பிறகு நாளைய கணக்குப் போடும் வேலையே இல்லை. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஒரே அளவு எழுதி அனுப்பினார்கள். சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் அட்டவணையை மாட்டினார்கள். வீடுகளில் மிச்சமாவதையெல்லாம் கூடுதலாகச் சூளைக்கு விற்க ஒப்பந்தம் போட்டார் வைத்தீஸ்வரன். ஆகவே வீடுகள் குறைவாக எரிக்க வேண்டியிருந்தது. ஆகவே அஞ்சுகம் நிறையச் சாப்பிட வேண்டியிருந்தது. கேன்டீனில் அவளுக்கென்று ஒரு சமையல்காரர். ஐம்பத்து நாலு கிலோவாக இருந்தவள் ஏழு மாதத்தில் எழுபத்தொன்பதானாள். சூளை பழுதாகி நிற்கும் நாட்களில் இரண்டு பகல் தண்ணீர் மட்டும். டாக்டர் சர்க்கரை என்றார், வேளைக்குச் சாப்பிடுங்கள் என்றார். எந்த வேளைக்கு என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

எடையோ சர்க்கரையோ அவளை அவ்வளவு வருத்தவில்லை. ஒருநாள் பேருந்தில் போகும்போது வயிற்றில் ஏதோ பிசைந்தது. பசியா, அஜீரணமா, குழாயில் அழுத்தம் குறைகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. யாரும் கேட்டதில்லை என்றாலும் நாற்பத்து நாலு வருஷமாக அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் வாங்கி அட்டவணையில் மாட்டிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் பசித்தது, அவளுக்கு மட்டும் பசிக்கவில்லை.

2023 டிசம்பரில் கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு நல்லெண்ணமாக நாள்காட்டி அச்சடித்தது. மேலே கம்பெனி முத்திரை, அதற்குக் கீழே வைத்தீஸ்வரன் கைகூப்பிய படம். பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் இலவசம். அஞ்சுகம் அதை வாங்கியதும் ஜனவரி பதினைந்தைப் புரட்டிப் பார்த்தாள். பொங்கல் வைக்க நல்ல நேரம், காலை 6.30 முதல் 7.30.

"சார், இதக் குடுக்காதீங்க."

"ஏன், படம் நல்லா இல்லையா?"

"இத்தன வருஷமா பாதி ஊரு நகைக்கட காலண்டர் பாக்கும், பாதி ஊரு உரக்கட காலண்டர் பாக்கும். அது ஒரு நேரம் போடும், இது ஒரு நேரம் போடும். பாதிப்பேரு ஆறரைக்கு வைப்பாங்க, பாதிப்பேரு ஒம்பதரைக்கு வைப்பாங்க. கொழா தாங்குச்சு. எல்லாத்துக்கும் ஒரே காலண்டரக் குடுத்தா எல்லாரும் ஒரே நேரத்துல பத்தவைப்பாங்க சார்."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே மேடம். அன்னிக்கு நல்லா சாப்பிடுங்க."

2024 ஜனவரி 15 காலை ஐந்து மணியிலிருந்து அவளுக்கு ஊட்டினார்கள். வைத்தீஸ்வரன் பட்டு வேட்டியோடு நேரில் வந்திருந்தார். ஆறு மணிக்குள் பதினேழு இட்லி. ஆறேகாலுக்கு இன்னும் நாலு. ஊரில் ஒருவருக்கும் துளிப் பசி இல்லை. எல்லோரும் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, மஞ்சள் கட்டிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, புதிய நாள்காட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறரை அடித்தது. மொத்த ஊரும் ஒரே கையாகத் திருகியது.

பச்சைக் கோடு கல்லைப் போட்டதுபோல இறங்கியது.

"சாப்பிடுங்க மேடம், இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லவா?"

"சார், பால் பொங்கறதுக்கு எதுக்கு சார் பசி?" என்றாள் அஞ்சுகம்.

வைத்தீஸ்வரன் கையில் கரண்டியோடு நின்றார். ஊரில் தீ சுருங்கியது. நீலமாகி, பொட்டளவாகி, பானைக்கு அடியில் மினுங்கிக்கொண்டிருந்தது. பால் விளிம்புவரை வந்து, நுரை கட்டி, அங்கேயே நின்றது. பதினோராயிரம் வீட்டில் 'பொங்கலோ பொங்கல்' தொண்டையிலேயே நின்றது. வாயைத் திறந்தபடி குடும்பம் குடும்பமாகக் காத்திருந்தார்கள். பால் பொங்காத வருஷம் எப்படி விடியும் என்பது அவர்கள் கவலை. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அஞ்சுகத்தின் கவலை வேறு: இன்னும் ஐந்து நிமிஷத்தில் கீழ்ச்சிவப்பு. அடுப்புகள் அணையும். பயந்துபோன ஜனங்கள் திருகாணியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து அழுவார்கள். பிறகு வாயு திரும்பி வரும். யாராவது ஒருவர் மறுபடி தீக்குச்சி உரசுவார்.

"சூளைய நிறுத்தணும் சார்."

"எரியற சூளைய நிறுத்தினா உள்ள இருக்கற டைல்ஸ் அத்தனையும் வெடிச்சுடும். ஒப்பந்தம் இருக்கு. அதத் தொடாதீங்க, நீங்க சாப்பிடுங்க."

அஞ்சுகம் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க சாப்பிடுங்க சார். எனக்குப் போதும்."

சூளைக்குப் போகும் வால்வின் பொத்தான் திரையில் வலது ஓரத்தில் இருந்தது. நிச்சயமா என்று கணினி கேட்டது. நிச்சயமா என்று மறுபடியும் கேட்டது. ரெஜினால்டு நேரத்தை எழுதிக்கொண்டான்: 6.52. இரண்டு நிமிஷத்தில் ஊரின் தீ நிமிர்ந்தது, பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பானைகளும் ஒன்றாகப் பொங்கின, எழுந்த கூச்சலில் சூளைக்குள் டைல்ஸ் வெடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தொழிற்சாலை முதலாளிக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் அப்போதுதான் பொங்கியது.

மறுநாள் பணியிடைநீக்க உத்தரவு வந்தது. உத்தரவின் மூன்றாவது பத்தி, முன் அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்றது. அவள் வயிறு ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தீஸ்வரனுக்குத் தெரிந்திருந்தது. அவள் அட்டவணைக்கு உட்பட வேண்டும் என்று எழுத மட்டும் மறந்திருந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலை பதினொன்றுக்கு, பன்னிரண்டு மணிக் கெடுவுக்கு முன்னால், ரெஜினால்டு சைக்கிளில் அவள் வாசலுக்கு வந்து நிற்பான்.

"அக்கா, மேனேஜர் கேக்கச் சொன்னாரு. நாளைக்கு எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"பசிக்கும்போது."

"அது எப்பன்னு போட்டுக்கட்டும்?"

"பசிக்கும்போதுன்னு போட்டுக்க."

அவன் அதையும் இரண்டுதரம் எழுதிக்கொண்டு போவான். அந்த நாட்களில் பச்சைக் கோடு கிறுக்குப் பிடித்தாற்போல ஏறி இறங்கியது. கடைசியில் அதே ஆணியில் மறுபடி நாள்காட்டியை மாட்டினார்கள்.

முதல் மூன்று வாரம் அஞ்சுகத்துக்குப் பசிக்கவே இல்லை. ஊரும் பழக்கத்துக்குச் சாப்பிட்டது. பிறகு ஒருநாள் காலை பத்தரைக்கு, உளுந்தஞ்சோறு வேண்டும் என்று அது தானாக வந்தது. அவள் சமைத்தாள். கலியமூர்த்தி கை கழுவிக்கொண்டு வந்து பலகையைப் போட்டார். அவள் தன் தட்டில் முதலில் போட்டுக்கொண்டு, சட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடாகச் சாப்பிடத் தொடங்கினாள். எல்லோருக்கும் முன்னால் சாப்பிடுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சோறு சுடும் என்பதுதான் அவள் முதலில் கவனித்தது.

"எனக்கு?" என்றார் கலியமூர்த்தி.

"சட்டில இருக்கு."

"போட மாட்டியா?"

"கை இருக்குல்ல."

அந்த வாரம் ரயிலடிப் பக்கம் நாற்பது வீடுகளில் அவரவர் நேரத்துக்குப் பசித்தது. மாதக் கடைசியில் மேலத்தெரு விட்டுப்போனது. அவள் ஒவ்வொரு நாளும் பசித்த நேரத்தில் பசித்ததைச் சாப்பிடச் சாப்பிட, தெருத் தெருவாக அவள் பசி ஊரிலிருந்து திரும்பிவந்தது. ஏன் என்று இந்த முறை டீக்கடையில்கூட யாரும் கேட்கவில்லை. கோபப்பட்டார்கள். மறுபடியும் தினமும் என்ன குழம்பு என்று தாங்களே யோசிக்க வேண்டியிருப்பதாகப் பெண்கள் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார்கள். ஓட்டல்காரர்கள் கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் பழைய விலைப்பட்டியலை எழுதினார்கள். கல்யாணப் பந்திகளில் சொந்தக்காரர்கள் மறுபடியும் இலையில் மிச்சம் வைத்தார்கள், மறுபடியும் மானம் போனது. காய்கறிச் சங்கத் தலைவர் வாசலுக்கே வந்து, "ஒங்க ஒருத்திக்காக ஊரையே இப்பிடி அம்போன்னு விட்டீங்களேம்மா" என்றார். அஞ்சுகம் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அவருக்குத் தாகம்தான் எடுத்திருந்தது.

டிசம்பரில் அவள் தெரு மட்டும் மிஞ்சியிருந்தது. தை பிறந்தபோது அவள் வீடு மட்டும். பணியிடைநீக்க விசாரணைக் குழு இன்னும் கூடவில்லை.

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபதுக்கு அஞ்சுகத்துக்குப் பசித்தது. முருங்கைக்கீரை வதக்கி, சூடான சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். கலியமூர்த்திக்கு ஒன்றே காலுக்குத்தான் பசித்தது. அவர் தானே போட்டுச் சாப்பிட்டார்.